தலைமாட்டில் நின்றவர்

மயக்க டாக்டர் காசிநாதனுக்கு வாய் ஜாஸ்தி. சின்னசேலத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கை சுத்தம், வேலை சுத்தம், வாய்தான் ஒரு இடத்தில் நிற்காது. பஸ் கண்டக்டரிலிருந்து ஆபரேஷன் மேஜையில் கிடக்கிற ஆள் வரைக்கும் ஒருத்தரையும் சும்மா விடமாட்டார். "இன்னாப்பா வயித்துல, கட்டியா? பொங்கலுக்குத் தின்ன சோறு இன்னும் எறங்கலியா?" என்பார். பயத்தில் வெடவெடத்துக்கொண்டு படுத்திருக்கிறவனும் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஊசி ஏறிவிடும். ஜனங்களுக்குத் தைரியம் கொடுக்கிறோம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பொய் சொல்வானேன், பல பேருக்கு அது தைரியமாகத்தான் இருந்தது.

அவருக்கென்று ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு ரெக்ஸின் பை, ஒரு பிளாஸ்க், அவ்வளவுதான் சொத்து. பையில் ரப்பர் குழாய்களும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற காற்றுப் பையும், மருந்து டப்பாவும் இருக்கும். பிளாஸ்கில் காப்பி இருக்குமென்று யாராவது கை நீட்டினால் ஏமாந்து போவார்கள். ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் ஸ்கோலின் என்ற மருந்துக் குப்பி கிடக்கும். குளிர்ச்சி இல்லாவிட்டால் அதற்கு வீரியம் போய்விடும். காலையில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். கள்ளக்குறிச்சியில் எந்த நர்சிங் ஹோமில் கத்தி எடுத்தாலும் போய்த் தலைமாட்டில் நிற்பார். வெட்டித் தைக்கிற டாக்டரின் பேர் வாசல் போர்டில் பெரிசாக இருக்கும். தூங்கவைத்து எழுப்புகிறவர் பேர் யாருக்குத் தெரியும்? "மயக்க டாக்டர் வந்துட்டாரா?" என்பார்கள். அதோடு சரி.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரத்துப் புளியமரங்களெல்லாம் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. சேலத்துக்கும் பஸ் இல்லை, விழுப்புரத்துக்கும் பஸ் இல்லை. அன்றைக்குக் காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து டாக்டர் செந்தமிழ்ச்செல்வி போன் பண்ணினார். அந்த அம்மாள் சொந்தமாக ஒரு நர்சிங் ஹோம் வைத்திருந்தார்.

"தலைச்சன் பிரசவம், டாக்டர். குழந்தை குறுக்கே கிடக்கு. தண்ணி உடைஞ்சு ரொம்ப நேரம் ஆயிடுச்சு. சேலத்துக்கு அனுப்பலாம்னா ரோடே இல்ல. எப்படியாவது வந்துடுங்க."

காசிநாதன் பக்கத்து வீட்டுச் சைக்கிளை வாங்கினார். பையைக் கேரியரில் கட்டினார், பிளாஸ்கை ஹேண்டில்பாரில் மாட்டினார். வழி நெடுகிலும் மரம். ஒவ்வொரு மரத்தண்டையும் பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் என்று சொன்னதும் அவர்களே சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தாண்ட வைத்தார்கள். "மரத்த வெட்டறதுக்கு முன்னாடி என்னக் கூப்பிட்டிருந்தா மயக்கம் குடுத்திருப்பனேப்பா" என்றார் இவர். சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்போது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பிளாஸ்கைத் திறந்து பார்த்தால் ஐஸ் போன இடம் தெரியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குப்பி மிதந்துகொண்டிருந்தது.

மேஜையில் கிடந்த பெண்ணின் பேர் பூமாலை. கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், கோமுகி அணைக்குக் கீழே கரும்பு வெட்டுகிற கூலிக் குடும்பம். கயிற்றுக் கட்டிலில் போட்டு வரப்பு வழியாகவே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். புருஷன் வேடியப்பனும் மாமியார் ஆயம்மாளும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பூமாலையின் அண்ணன்மார் இரண்டு பேரும் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் மரவள்ளி பிடுங்கப் போயிருந்தார்கள். அவர்களுக்கு ஆள் அனுப்பியிருந்தது.

நேரமில்லாததால் அன்றைக்குக் கிண்டல் கேலி ஒன்றும் இல்லை. தலையில் பச்சைத் துணி கட்டி அவளை ஏற்கனவே தயார் பண்ணியிருந்தாள் நர்ஸ் ரங்கம்மாள். காசிநாதன் அவள் கையில் ஊசி குத்தும்போது பூமாலை, "எங்கொழந்த பொழைச்சுக்குமா?" என்று மட்டும் கேட்டாள். "ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க, கண்ண மூடு" என்றார். மூடினாள்.

இந்த இடத்தில் அந்த இரண்டு மருந்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. நர்சுப் பெண்களுக்குக் காசிநாதன் இதைத் தன் பாணியில் சொல்வார்.

"தூங்க வெக்கிற மருந்து வேற, ஒடம்பத் தளர வெக்கிற மருந்து வேற. தூங்கினாலும் வயிறு இறுகிக்கினுதான் கெடக்கும், தொண்டைக்குள்ள குழா எறங்காது. அதுக்குத்தான் இந்த ரெண்டு விருந்தாளிங்க. ஸ்கோலின் இருக்கானே, அவன் கலாட்டா பார்ட்டி. வர்றப்பவே ஒடம்பெல்லாம் துடிதுடிச்சுப் போவும், அப்பறம் கப்சிப். ஆனா அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடுவான். ஏன்னா நம்ம ஒடம்புல கூட்டிப் பெருக்கற வேலக்காரங்க இருக்காங்க, அவங்க வாரித் தள்ளிடுவாங்க. இன்னொருத்தன் பாவ்லான். துடிப்பும் கெடையாது, சத்தமும் கெடையாது. வந்து வாசப்படியில குந்திக்குவான். அவனா எழுந்து போற வரைக்கும் நமக்குப் பொறுமை இருக்காது. நாமதான் கெளப்பணும்."

அவனைக் கிளப்புகிற ஊசிக்கு நியோஸ்டிக்மின் என்று பேர். ஆபரேஷன் தியேட்டரில் ரிவர்சல் என்பார்கள். அது செய்கிற காரியம் வேடிக்கையானது. கூட்டிப் பெருக்குகிற அந்த வேலைக்காரர்களின் கையைக் கட்டிப்போட்டுவிடும். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகிற ஆட்களையும் அதே வேலைக்காரர்கள்தான் பெருக்கித் தள்ளுகிறவர்கள். அவர்கள் கை கட்டுப்பட்டால் சேதிக்காரர்கள் கூட்டம் கூடி, வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற பாவ்லானை நெட்டித் தள்ளிவிடுவார்கள். பாவ்லானுக்கு அது சரியான வைத்தியம். ஆனால் உள்ளே ஸ்கோலின் இருக்கும்போது அதைப் போட்டால் என்ன ஆகும்? ஸ்கோலினைப் பெருக்கித் தள்ள ஆளே இருக்காது. அதனால் காசிநாதனுக்கு ஒரு விதி உண்டு. முதல் விருந்தாளி போனதைக் கண்ணால் பார்க்காமல் இரண்டாமவனைக் கூப்பிடமாட்டார். நோயாளியின் வயிறு லேசாகத் தூக்கிப்போடும், மூச்சு தானாக எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகுதான் பாவ்லான்.

அன்றைக்கு அந்த விதியை மீறினார்.

ஐஸ் கரைந்துபோனதால் ஸ்கோலினுக்கு வீரியம் கம்மியாகியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கொஞ்சம் கூடவே ஏற்றினார். உடம்பு துடித்தது, அடங்கியது, குழாய் இறங்கியது. செந்தமிழ்ச்செல்வி வயிற்றைத் திறந்தார். குழந்தையை எடுக்கிற அவசரத்தில், "டாக்டர், வயிறு டைட்டா இருக்கு, விட்டுடுச்சு போல" என்று கத்தினார். கெட்டுப்போன மருந்துதானே, சீக்கிரமே போயிருக்கும் என்று காசிநாதனும் நம்பிவிட்டார். மூச்சு எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்காமல் பாவ்லானை ஏற்றினார்.

பெண் குழந்தை. எடுத்ததும் கத்தியது. ரங்கம்மாள் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனாள். தையல் முடிந்தது. காசிநாதன் தூக்க வாயுவை மூடிவிட்டு, பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார். பாவ்லான் போட்டது கொஞ்சம்தான். சாதாரணமாக இந்நேரம் உடம்பு அசைய ஆரம்பித்திருக்கும். புருவம் சுருங்கும், விரல் மடங்கும். ஒன்றையும் காணோம். கையை விட்டால் நெஞ்சு அப்படியே கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகும் கொஞ்ச நேரம். நெஞ்சு கிடந்தபடியே கிடந்தது.

"ரிவர்சல் குடுங்களேன்" என்றார் செந்தமிழ்ச்செல்வி. "எதுக்கு வெயிட் பண்றீங்க?"

நியாயமான பேச்சுத்தான். காசிநாதன் நியோஸ்டிக்மினை ஊசியில் எடுத்தார். குளுக்கோஸ் போகிற டியூபில் ஊசி முனையையும் குத்திவிட்டார். அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது அவள் கடைவாயில் எச்சில் வழிந்தது. துடைத்தார். மறுபடியும் வழிந்தது. வாய் நிறையத் தண்ணீராக எச்சில். எச்சில் ஊறக்கூடாதென்று முதலிலேயே ஊசி போட்டிருக்க, இவ்வளவு எச்சில் ஏன்? இமையைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார். தேங்காயெண்ணெய் வாசனைக்கும் வாடின மல்லிகைக்கும் அடியில் வேறொரு நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. பூண்டை நசுக்கி மண்ணெண்ணெயில் போட்ட மாதிரி ஒரு நெடி. பருத்திக் காட்டுப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்த நெடி தெரியும்.

தலையில் கட்டியிருந்த பச்சைத் துணியை அவிழ்த்தார். நெடி இன்னும் பலமாக வந்தது.

அட கடவுளே! பூச்சி எப்படிச் சாகிறது என்று நினைக்கிறீர்கள்? காட்டில் அடிக்கிற அந்த விஷமும் வேலைக்காரர்களின் கையைத்தான் கட்டுகிறது. ரிவர்சல் ஊசி கயிற்றால் கட்டினால், இது சங்கிலி போட்டுப் பூட்டிவிடும். இவள் உடம்பில் ஸ்கோலினைப் பெருக்கித் தள்ள ஆள் இல்லை. முதல் விருந்தாளி இன்னும் கிளம்பாமலே இருக்கலாம். வயிறு டைட் என்றது, தண்ணீர் வற்றி இறுகின கர்ப்பப்பையாகக்கூட இருந்திருக்கும். அப்படியென்றால் இந்த ஊசியை அமுக்குவது, பூட்டினதன் மேல் இன்னொரு பூட்டு. அப்படி இல்லாமல் அவளைப் பிடித்துவைத்திருப்பது பாவ்லான் மட்டும்தான் என்றால், கொடுக்காமல் இருப்பது முட்டாள்தனம். இரண்டு பேரில் யார் உள்ளே இருப்பது? முதலில் பார்த்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. காசிநாதன் ஊசியைப் பிடுங்கித் தட்டில் போட்டார்.

"அந்த மாமியாக்காரியக் கூப்பிடு" என்றார் ரங்கம்மாளிடம்.

"தியேட்டருக்குள்ளயா சார்?"

"கூப்பிடுன்னா கூப்பிடு!"

ஆயம்மாள் வந்தாள். ஒடிசலான உடம்பு, கரும்புச் சோகை கிழித்த கைகள். மருமகள் வாயில் குழாயோடு கிடப்பதைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு தலையில இன்னாத்தத் தடவின?"

"எண்ணதான் சாமி."

"பொய் சொல்லாத! எண்ண இந்த நாத்தம் நாறுமா? இவ மூச்சு விடல, தெரியுதா? நீ தடவின கண்றாவியாலதான் இவ இப்படிக் கெடக்கறா. சொல்லு. பருத்திக்கு அடிக்கறதத் தடவினியா இல்லியா?"

ஆயம்மாள் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"கொலகாரி! பேனுக்காவ எவளாவது வெஷத்த எடுத்துத் தலையில தேய்ப்பாளா? அறிவு வேணாம்? மாட்டுக்குக்கூடச் செய்யமாட்டாங்களே இப்படி!"

செந்தமிழ்ச்செல்வி, "டாக்டர், மெதுவா" என்றார். இவர் காதில் அது விழவே இல்லை. இன்னும் என்னென்னமோ சொன்னார். எழுதத் தகாத பேச்செல்லாம் அதில் இருந்தது. ஒரு கை பையை அமுக்கிக்கொண்டே இருக்க, வாய் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற ஆயம்மாள் கடைசியில் தலை நிமிர்ந்தாள்.

"தடவினன் சாமி. மூணு ராத்திரி தடவித் துணி கட்டி வெச்சன். போன பட்டத்துல பருத்திக்கு அடிச்சது போவ அடியில கொஞ்சம் மீந்து கெடந்துது. எங்கூருல எல்லாரும் தடவறதுதான்."

"எல்லாரும் கெணத்துல விழுந்தா நீயும் விழுவியா? ரெண்டு பேன் இருந்தா இன்னா, குடியா முழுவிப் போவும்?"

"நீங்களா சாமி இதக் கேக்கறீங்க?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எம் பொண்ணு ஜெயம்மா ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே மேசையிலதான் படுத்தா. நீங்க இதே எடத்துலதான் நின்னீங்க. 'இது தலையா, பேன் பண்ணையா? எனக்கே ஏறிடும் போலக்குதே'ன்னு கேட்டீங்க. இவங்கள்லாம் சிரிச்சாங்க. எம் பொண்ணும் கூடச் சிரிச்சாளாம். வூட்டுக்கு வந்து சோறு தின்னல சாமி. கொழந்தைக்குப் பால் குடுத்துக்கினே அழுவறா. ஒரு நாளு நான் காட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அவளே கத்திரிய எடுத்து முடிய அறுத்துப் போட்டுட்டா. தலைச்சன் பெத்த பச்ச ஒடம்புக்காரி, மொட்டத் தலையோட ஊருக்குள்ள நடந்தா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வயல்லயே கெடக்கறவங்க சாமி நாங்க. இவளுக்கு அந்த மாதிரி ஆவக்கூடாதுன்னுதான் செஞ்சன். இவள ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னுதான் செஞ்சன்."

காசிநாதன் யோசித்துப் பார்த்தார். ஜெயம்மாள் என்ற பெண்ணை அவருக்கு ஞாபகமே வரவில்லை. அந்த வாக்கியம் மட்டும் ஞாபகம் வந்தது. ஒரு தடவை சொன்னதல்ல, பல தடவை சொன்னது. எத்தனை தலைமாட்டில் நின்று சொல்லியிருப்பார், யார் கண்டது? ஆள் அப்படியே கூசிப் போனார்.

"ஊசி வேணாம்" என்றார் செந்தமிழ்ச்செல்வியிடம், மெதுவாக. "உள்ள இருக்கறது ஸ்கோலின்தான். தானாப் போற வரைக்கும் நாமதான் மூச்சுக் குடுக்கணும். எவ்வளவு நேரம் ஆவும்னு தெரியல."

"போகலைன்னா?"

"போவும்."

அதை அவர் நிச்சயமாகத் தெரிந்து சொல்லவில்லை. மூச்சுக் கொடுக்கிற மிஷினில் போட்டு வைக்கச் சேலத்துக்குத்தான் போக வேண்டும், ரோடு முழுக்க மரம். கை இருக்கிற வரைக்கும் அமுக்க வேண்டியதுதான்.

"முதல்ல தலைய அலசணும்" என்றார். "தோலுல இருக்கற வரைக்கும் உள்ள ஏறிக்கினேதான் இருக்கும். ஆயம்மா, நீங்களே அலசுங்க."

நீங்க என்றதை ஆயம்மாள் கவனித்தாளோ என்னவோ. மருமகளின் தலையை மேஜை விளிம்புக்கு நகர்த்தினார்கள். ரங்கம்மாள் கைக்கு ரப்பர் உறை மாட்டிவிட்டாள். ஆயம்மாள் சோப்புப் போட்டுத் தேய்க்க, ரங்கம்மாள் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை, நெடி போகிற வரைக்கும். சோப்பு நுரை கண்ணில் படாமல் ஆயம்மாள் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிற மாதிரி, "தோ ஆச்சு, தோ ஆச்சு கண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். காசிநாதன் பையை அமுக்கிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். பூமாலையின் கண்ணோரத்தில் தண்ணீர். அலசின தண்ணீர் என்று துடைத்துவிட்டார். மறுபடியும் வந்தது. அடுத்த கண்ணிலிருந்தும் இறங்கிக் காதுக்குள் போனது. நாடியைப் பிடித்தார், அது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

தூக்க வாயுவை எப்போதோ மூடியாயிற்று. இந்த இரண்டு மருந்தும் கையைக் காலைக் கட்டும், நெஞ்சைக் கட்டும், இமையைக்கூடக் கட்டும். காதைக் கட்டாது, மனசைக் கட்டாது. இவள் முழித்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக முழித்துக்கொண்டிருக்கிறாள்? குனிந்து அவள் காதண்டை வாயை வைத்தார்.

"பூமாலை, நான் டாக்டர் பேசறேன். உனக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ சாவல. மருந்து இன்னும் விடல, அதான் அசைய முடியல. மூச்சு நான் குடுக்கறேன், நிறுத்த மாட்டேன். உனக்குப் பொண்ணு பொறந்திருக்கு, நல்லா இருக்குது. இப்பத் தூங்க ஒரு ஊசி போடறேன். பயப்படாத தாயி."

ஊசி போட்டார். நாடி கொஞ்சங்கொஞ்சமாக அடங்கியது.

அதன் பிறகு வேலை என்று ஒன்றுமில்லை, அமுக்குவது மட்டும்தான். காசிநாதனுக்குக் கை கடுத்தபோது வேடியப்பனை உள்ளே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். கரும்பு வெட்டுகிற கை, பையைப் பிய்த்துவிடப் போகிறதே என்று பயமாக இருந்தது. அவனோ கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, மனைவியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே கண்கொட்டாமல் பார்த்தபடி அமுக்கினான். அவனுக்குப் பிறகு செந்தமிழ்ச்செல்வி, பிறகு ரங்கம்மாள், பிறகு மறுபடியும் காசிநாதன். மத்தியானச் சோறு யாருக்கும் ஞாபகம் இல்லை. வெளியே குழந்தை அழுவதும் ஓய்வதுமாக இருந்தது. வெயில் ஜன்னல் வழியாக மேஜைக் கால் வரைக்கும் நீண்டு வந்தது.

பொழுது சாய்கிற நேரம், பை காசிநாதன் கையில் இருந்தபோது லேசாக எதிர்த்தது. அவர் அமுக்காமலே அது ஒரு தடவை சுருங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் சுருங்கியது. பூமாலையின் வயிறு லேசாகத் தூக்கிப்போட்டது.

"வந்துடுச்சு" என்றார். சத்தமே எழும்பவில்லை. வேடியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அவசரப்படாமல் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் குழாயை எடுத்தார். "பூமாலை, தலையத் தூக்கு. அப்படியே புடிச்சுக்கினு இரு." ஈரம் காயாத தலையைத் தூக்கினாள், கீழே விடாமல் பிடித்துக்கொண்டாள். போதும், இனி பயமில்லை. தண்ணீரைப் பஞ்சில் தொட்டு உதட்டில் வைத்தார்கள். தொண்டை கட்டிக் கரகரத்த குரலில் அவள் ஏதோ சொன்னாள். குழந்தையைத்தான் கேட்கிறாள் என்று ரங்கம்மாள் எடுத்துவர ஓடினாள். காசிநாதன் குனிந்து கேட்டார்.

"எங்க அத்தையத் திட்டாதீங்க."

அவர் பஞ்சை மறுபடியும் நனைத்து அவள் உதட்டில் வைத்தார்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றாள். விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. "கண்ணு தெறக்கல. கை அசையல. செத்துட்டம்னு நெனச்சன். செத்தவங்களுக்குக் காது மட்டும் கேக்கும் போலக்குதுன்னு நெனச்சன். நீங்க அத்தையத் திட்டிக்கினே இருந்தீங்க. வேணாம்னு சொல்ல வாயெடுத்துப் பாத்தன், வரல. அப்பறம் அத்த எந்தலையத் தேச்சாங்க. அவங்க கை நடுங்குச்சு. அப்பதான் நான் சாவலன்னு தெரிஞ்சுது."

"மன்னிச்சுக்க தாயி" என்றார் காசிநாதன்.

அவள் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. "எங்க பெரியண்ணன் வந்தா கேப்பாரு. மூக்குமேல கோவம் அவருக்கு. அத்ததான் தடவினாங்கன்னு தெரிஞ்சா கைய வெச்சுடுவாரு. அப்பறம் நான் அந்த வூட்டுல எப்படி வாழறது? நானே தடவிக்கினன்னு சொல்லிடுங்க."

அண்ணன்மார் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கால் முட்டி வரைக்கும் செம்மண். மூத்தவன் சின்னக்கண்ணு வராந்தாவில் ஏறும்போதே வாசலில் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். ஆயம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். அவன் நேராக அவளைப் பார்த்துத்தான் போனான். காசிநாதன் குறுக்கே வந்து நின்றார்.

"உன் தங்கச்சி பொழைச்சுக்கினா. பேசறா. போய்ப் பாரு."

"பாக்கறன். வெஷத்தத் தடவினது யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல."

பூமாலை கேட்டுக்கொண்ட பொய் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் எல்லாருக்கும் சௌகரியம், அவருக்கும் சௌகரியம். அதை விழுங்கினார்.

"அதுக்குக் காரணம் நான்தான்" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி இவங்க பொண்ணு இங்க வந்தப்ப, தலையில பேன் இருக்குதுன்னு நக்கல் பண்ணேன். அந்தப் பொண்ணு அவமானம் தாங்காம முடிய அறுத்துப் போட்டுது. அந்த நக்கல் உன் தங்கச்சிக்கும் வரக்கூடாதுன்னு பயந்துதான் இவங்க தடவினாங்க. வெஷம்னு தெரியாது. ஊர்ல எல்லாரும் பண்றதப் பண்ணாங்க. இன்னிக்கு மருந்துலயும் நான் ஒரு அவசரம் பண்ணிட்டேன். இவங்கள ஒண்ணும் கேக்காத. கேக்கறத என்னக் கேளு."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேடியப்பன் எழுந்து வந்து தன் அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டான். சின்னக்கண்ணு அடிப்பான் என்றுதான் காசிநாதன் நினைத்தார், அடித்தால் வாங்கிக்கொள்வதென்று நின்றார். அவன் கையை ஓங்கவில்லை. ஆயம்மாளின் கிழிபட்ட கைகளை ஒரு தடவை பார்த்தான். தன் காலில் அப்பியிருந்த மண்ணையும் பார்த்தான். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்ட குரலில் கேட்டான்.

"எங்களப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பாவா டாக்டரே இருக்குது?"

வாய்க்குப் பேர் போன காசிநாதன், தன் மகன் வயசுகூட ஆகாத அந்தப் பையனைப் பார்த்துக் கை கூப்பினார். அவன் அதற்காக நிற்கவில்லை. குனிந்து ஆயம்மாளின் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, தங்கையைப் பார்க்க உள்ளே போனான்.